கன்னியப்பன் அனுப்பிய படமும் நான் எழுதிய பதிலும்

இனி உங்களுக்குத் தினமும் படங்கள் வரும். எண்ணெய் சிந்திய தரை, உடைந்த சுவிட்ச், மூடி கழன்ற இயந்திரம், கதவில்லாத மின்பெட்டி. அனுப்புகிறவர்கள் யாரும் புகைப்படக்காரர்கள் இல்லை. ஒரு கையில் வேலையும் மறு கையில் போனுமாக அவசரத்தில் எடுத்திருப்பார்கள். பாதிப் படங்கள் மங்கலாக இருக்கும். சிலவற்றில் எடுத்தவரின் விரல்தான் பெரிதாகத் தெரியும். அவற்றைப் பார்த்து நீங்கள் ஏதாவது பதில் எழுதியாக வேண்டும். பாதுகாப்புப் பொறுப்புக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் அந்தப் பதிலைப் பற்றி மட்டும் பேசுகிறேன். தீயணைப்புக் கருவியையும் சட்டப்பிரிவுகளையும் மற்றவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார்கள்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். அதில் ஏழு வருடம் பாதுகாப்பு அதிகாரி. கரூரிலிருந்து வந்து பட்டாபிராமில் ஃபிளாட் வாங்கி, தினமும் மின்சார ரயிலில் போய் வந்த சாதாரணமான ஆள். எனக்கு இருந்த ஒரே ஆடம்பரம் கேமரா. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்பத்தூரில் ஒரு சிறிய மண்டபத்தில் எங்கள் புகைப்படக் குழு கூடும். ஆளுக்கு ஒரு படம் கொண்டுவருவோம். பெயர் சொல்லாமல் திரையில் போட்டு, நல்லது கெட்டது பேசுவோம்.

அந்தக் கூட்டத்தில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. படம் திரையில் வந்த இரண்டாவது நொடியில் குறையைப் பிடித்துவிடுவேன். அடிவானம் சாய்ந்திருக்கிறது, தலைக்குப் பின்னால் கம்பம் முளைத்திருக்கிறது, வெளிச்சம் தப்பான பக்கத்திலிருந்து வருகிறது. சொல்வதைச் சிரிக்கும்படி சொல்வேன். ஒரு வங்கி ஊழியர் அம்பத்தூர் ஏரியைப் பனிக்காலத்தில் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். ஏரியைக் காணவில்லை, யாராவது புகார் கொடுங்கள் என்றேன். மண்டபம் சிரித்தது. அவரும் சிரித்தார். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. விமர்சனத்தைத் தாங்குகிற மனசு இல்லை என்று நான் மற்றவர்களிடம் சொன்னேன்.

அதே குழுவில் ஆவடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லித்தரும் ஆசிரியை ஒருவர் இருந்தார். எந்தப் படம் வந்தாலும், எடுத்தவரிடம் முதலில் ஒரு கேள்வி கேட்பார். நீங்கள் அங்கே நிற்கும்போது எதைப் பார்த்தீர்கள் என்று. அவர் பதில் சொல்லி முடித்த பிறகுதான், நீங்கள் பார்த்தது எனக்குத் தெரிகிறது என்றோ, தெரியவில்லை, இந்த இடத்தில் மறைகிறது என்றோ சொல்வார். ஒரு படத்துக்குக் கால்மணி நேரம் ஆகும். எனக்கு அலுப்பாக இருக்கும். வெளியே போய் டீ குடித்துவிட்டு வருவேன்.

தொழிற்சாலையில் படம் அனுப்பும் வழக்கம் தொடங்கியபோது நான்தான் மிகவும் சந்தோஷப்பட்டேன். ஆபத்தாக எதைக் கண்டாலும் ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். எழுதத் தேவையில்லை. மேலதிகாரிகள் முதல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் வரை எல்லோரும் அந்தக் குழுவில் இருந்தார்கள். முதல் மாதம் படங்கள் வந்து குவிந்தன. பெரும்பாலும் மோசமான படங்கள். நான் ஞாயிற்றுக்கிழமைப் பழக்கத்தைத் திங்கட்கிழமை வேலைக்குக் கொண்டுவந்தேன். படத்தின் மேல் சிவப்பில் வட்டம் போட்டு, விரலை எடுக்கவும், லென்ஸைத் துடைக்கவும், இது என்ன இருட்டறையா என்றெல்லாம் குழுவிலேயே எழுதினேன். ஜனங்கள் சிரிக்கும் பொம்மைகளைப் போட்டார்கள். நாலைந்து மாதத்தில் படங்கள் நன்றாகிவிட்டன, எண்ணிக்கையும் குறைந்துவிட்டது. மாதாந்திரக் கூட்டத்தில் இரண்டையும் முன்னேற்றம் என்று சொன்னேன். மேலாளரும் தலையாட்டினார். படம் வராததற்கு ஆபத்து இல்லாததுதான் காரணம் என்று நாங்கள் இருவருமே நம்பினோம்.

இப்போது கன்னியப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்டோர்ஸில் டிராலி தள்ளுகிறவர். என்னைவிட நாலைந்து வயது சிறியவர். அண்ணனூரில் பல தலைமுறையாக இருக்கிற குடும்பம். அவர்களுடைய நிலம் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் கன்னியப்பன் நன்றாகக் குடிப்பவர். குடித்துவிட்டு வேலைக்கு வந்து ஒருமுறை தற்காலிகப் பணிநீக்கம்கூடச் செய்யப்பட்டிருக்கிறார். பிறகு ஒருநாள் நிறுத்திவிட்டார். நான் சொல்லும் சமயத்தில் அவர் குடியை விட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. இது தொழிற்சாலை முழுவதற்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

எல்லோரும் படம் அனுப்புவதைக் குறைத்துக்கொண்ட பிறகும் அவர் அனுப்பிக்கொண்டிருந்தார். பழைய போன், கீறல் விழுந்த லென்ஸ். ஒரு வார்த்தை எழுதமாட்டார். படம் மட்டும் வரும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. ஸ்டோர்ஸின் மூன்றாவது வரிசை ரேக். நான்கு தட்டு உயரத்துக்கு இரும்புப் பெட்டிகள் அடுக்கிய ரேக்கை, வரிசையின் முனையில் நின்று எடுத்திருந்தார். படத்தில் ரேக் இடது பக்கமாகச் சாய்ந்து தெரிந்தது. நான் அப்போது ஒரு தணிக்கைக்காகக் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். படத்தை எவ்வளவு நேரம் பார்த்திருப்பேன்? ஏரிப் படத்தைப் பார்த்த அளவுக்குத்தான் பார்த்திருப்பேன். உடனே எழுதினேன்: "கன்னியப்பன், போனை நேராகப் பிடிக்கவும். ரேக்கே சாய்கிறது. காலையிலேயே போட்டாச்சா?"

அவர் குடியை விட்டவர் என்பது தெரிந்துதான் எழுதினேன். விட்டவர் என்பதால்தான் அது வேடிக்கை என்று நினைத்தேன். நினைத்தபடியே எல்லோரும் சிரித்தார்கள். வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். மேலாளரும் ஒன்று போட்டிருந்தார். நான் தணிக்கைக் காகிதங்களுக்குத் திரும்பினேன். என் மேசையிலிருந்து மூன்றாவது வரிசைக்கு நடந்தால் நான்கு நிமிடம் ஆகும். நான் போகவில்லை.

அடுத்த வாரம் வியாழக்கிழமை, மதிய ஷிப்ட் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அந்த ரேக் விழுந்தது.

சத்தம் கேட்டு ஓடினேன். இரண்டு வரிசைக்கு நடுவில் பெட்டிகள் மலைபோலக் கிடந்தன. சிதறிய உதிரிபாகங்களை மிதித்துக்கொண்டு ஆட்கள் பெட்டிகளை இழுத்தார்கள். அடியில் ரேவதி இருந்தார். ஒப்பந்தத்தில் வேலைக்கு வந்த பெண், முப்பது வயது இருக்கும். இருப்பு எண்ணுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று ஸ்டோர்ஸில் சொல்வார்கள். அவர் கத்தவில்லை. கால் தெரியுதா பாருங்க, கால் தெரியுதா பாருங்க என்று ஒரே குரலில் கேட்டுக்கொண்டிருந்தார். முதலில் பெட்டியை இழுக்கத் தொடங்கியவர் கன்னியப்பன். அவர் விரல்களில் ரத்தம் வந்திருந்தது. என்னை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ரேக்கின் ஒரு கால் அடியில் மடங்கியிருந்தது. எப்போதோ பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி இடித்திருக்கிறது. இடித்தவர் சொல்லவில்லை. ரேக் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்துகொண்டே வந்திருக்கிறது.

அன்று மாலை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அந்தப் படத்தைத் திரும்பத் திறந்தேன். இப்போதுதான் படம் முழுவதையும் பார்த்தேன். ரேக்குக்குப் பக்கத்தில் கூரையைத் தாங்கும் இரும்புத் தூண் ஒன்று இருந்தது. அது படத்தின் ஓரத்துக்கு இணையாக, நூல் பிடித்தாற்போல நேராக நின்றது. போன் சாய்ந்திருந்தால் தூணும் சாய்ந்திருக்க வேண்டும். அடிவானம் கோணலா, கேமரா கோணலா என்று கண்டுபிடிக்க, படத்தில் நிச்சயமாக நேராக நிற்கும் ஒன்றைத் தேடு என்று ஞாயிற்றுக்கிழமைகளில் எத்தனை பேருக்கு நான் சொல்லியிருக்கிறேன்! கன்னியப்பன் போனை மிகச் சரியாகப் பிடித்திருந்தார். சாய்வு தெரிய வேண்டுமென்றே தூணையும் சேர்த்து எடுத்திருந்தார். நான் இத்தனை வருடத்தில் பார்த்த படங்களில் சொல்ல வந்ததை இவ்வளவு தெளிவாகச் சொன்ன படம் அதிகம் இல்லை.

ரேவதிக்கு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நிர்வாகம் விசாரணை வைத்தது. இனி சொல்லப்போவதுதான் எனக்குச் சொல்லக் கஷ்டமானது. பதிலைக் கிண்டலாக எழுதியது அவசரம், திமிர் என்று வைத்துக்கொள்ளலாம். விசாரணை அறையில் நான் செய்ததற்கு யோசிக்க நிறைய நேரம் இருந்தது.

அறைக்குள் போவதற்கு முன் மனிதவள அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை, வேலையைச் செய்கிறவர். குழுவில் இருந்த அந்தப் படத்தையும் என் பதிலையும் காகிதத்தில் எடுத்து வைத்திருந்தார். "சார், நீங்க அன்னிக்கே எழுதிட்டீங்க, படம் சரியில்லைன்னு. இதுவே போதும். வேற எதுவும் சொல்ல வேண்டாம்" என்றார். அவர் சொன்னதன் அர்த்தம் எனக்கு உடனே புரிந்தது. நான் செய்த கேலி இப்போது எனக்குச் சாட்சி. பாதுகாப்பு அதிகாரிக்குத் தெளிவில்லாத படம் வந்தது, அதை அவர் அப்போதே பதிவு செய்திருக்கிறார், எடுத்தவர் மறுபடி சரியாக எடுத்து அனுப்பவும் இல்லை, வாயால் சொல்லவும் இல்லை. எல்லாம் கன்னியப்பன் தலையில் போய் உட்காரும்.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்தால் ஆபத்து தெரிந்ததா என்று கேட்டார்கள். ஓய்வுக்கு எனக்கு இரண்டு வருடம்கூட இல்லை. "படம் தெளிவாக இல்லை" என்று சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்தபோது கன்னியப்பன் பெஞ்சில் காத்திருந்தார். என்னைப் பார்த்ததும் வழக்கம்போல எழுந்து நின்றார். நான் போனைப் பார்த்தபடியே அவரைத் தாண்டிப் போனேன்.

உள்ளே அவரிடம், படம் அனுப்பியதோடு ஏன் நின்றுவிட்டாய், நேரில் வந்து ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். அவர் சொன்ன பதிலை மனிதவள அதிகாரி பிறகு என்னிடம் சொன்னார். "சார்தான் பாத்துட்டாரே." எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, பின்பக்கம் கழிவு இரும்பு கொட்டும் இடத்துக்கு மாற்றினார்கள். அடுத்த மாதம் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார்.

ரேவதியைப் பார்க்க நான் ஆஸ்பத்திரிக்கு மூன்று முறை போனேன். முதல் இரண்டு முறையும் பழம் வாங்கிக் கொடுத்துவிட்டு ஐந்து நிமிடத்தில் கிளம்பினேன். மூன்றாவது முறை அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. நான் எழுந்துகொள்ளப் போனபோது கேட்டார்.

"அது சாஞ்சுகினு இருந்தத யாருமே பாக்கலையா சார்? அத்தினி பேரு அந்தப் பக்கம் போறாங்க, வராங்க. ஒருத்தர் கண்ணுலயுமா படல?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பினார். படுத்துக்கொண்டே பல நாளாக அதை யோசித்திருக்க வேண்டும். பார்த்தவர் ஒருவர் இருந்தார் என்று சொன்னேன். யார் என்று கேட்டார். சொன்னேன். படம் எடுத்து எனக்கு அனுப்பினார், நான் சரியாகப் பார்க்கவில்லை என்றும் சொன்னேன். ரேவதி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் அம்மா வந்து, அவள் தூங்கட்டும் என்று என்னை அனுப்பிவைத்தார்.

அன்றே உட்கார்ந்து நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினேன். படம் தெளிவாக இருந்தது, தூண் நேராக இருப்பதைப் பார்த்தாலே ரேக் சாய்ந்திருப்பது தெரியும், நான் பார்க்கத் தவறினேன், விசாரணையில் சொன்னது பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு நகலை ரேவதியின் வக்கீலுக்குக் கொடுத்தேன். நிறுவனத்துக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது என்று ஆனதால் ரேவதியின் நஷ்டஈட்டு வழக்குக்கு அது உதவியது. செயற்கைக் கால் வைத்துக்கொண்டு, திருத்தணிப் பக்கம் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். என்னைப் பாதுகாப்புப் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். மிச்சமிருந்த காலத்தைக் கேட் பாஸ் எழுதும் மேசையில் கழித்தேன். ஓய்வு பெற்ற அன்று வழக்கமான மாலையும் பேச்சும் இல்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. கன்னியப்பனுக்குக் கொடுத்த எச்சரிக்கைக் கடிதத்தை ரத்து செய்து, வேலைக்குத் திரும்பி வரச் சொல்லித் தபால் போட்டார்கள். அவர் வரவில்லை.

எனக்குப் பிறகு அந்தப் பொறுப்புக்கு வந்தவர் யாரையும் குறை சொல்வதில்லை என்று முடிவு செய்தார். எந்தப் படம் வந்தாலும் கட்டைவிரல், கைகூப்பு, சூப்பர். நான் கேட் பாஸ் மேசையிலிருந்து அதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் புகைமூட்டமாக எதையோ எடுத்துப் போட்டிருந்தார். அதற்கும் சூப்பர். அது என்ன படம், எங்கே எடுத்தது என்று யாரும் கேட்கவில்லை. என்னுடைய கேலியும் அவருடைய பாராட்டும் ஒரே மாதிரிதான் முடிந்தன. இரண்டிலும் படத்தைப் பார்க்கிற வேலை நடக்கவில்லை.

அதனால் குறையே சொல்லாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. மங்கலான படத்தை வைத்துக்கொண்டு உங்களால் ஒன்றும் செய்ய முடியாது, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அனுப்பியவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். முதலில் அவர் அங்கே எதைப் பார்த்தார் என்று கேளுங்கள். அவர் சொல்லி முடித்த பிறகு, உங்களுக்கு எது தெரியவில்லை என்று சொல்லுங்கள். உனக்கு எடுக்கத் தெரியவில்லை என்பது வேறு, எனக்கு இந்த மூலை தெரியவில்லை என்பது வேறு. முடிந்தால் எழுந்து நடந்து போய், அவர் நின்ற இடத்தில் நின்று பாருங்கள். அவரைப் பற்றி உங்களுக்கு வேறு என்ன தெரிந்திருந்தாலும், அவருடைய பழைய கதை, குடி, குடும்பம், படிப்பு எதுவும் அந்தப் படத்துக்குள் வரக் கூடாது. இவ்வளவும் அந்த ஓவிய ஆசிரியை ஞாயிற்றுக்கிழமைகளில் இலவசமாகச் செய்து காட்டியதுதான். நான் டீ குடிக்கப் போயிருந்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு கன்னியப்பனைத் தேடிப் போனேன். ஆவடி பஸ் நிலையத்துக்கு வெளியே, பூந்தமல்லி போகும் ஷேர் ஆட்டோ வரிசையில் வண்டி ஓட்டுவதாகச் சொன்னார்கள். காலை பத்து மணி இருக்கும். அவர் வண்டி வரிசையில் இரண்டாவதாக நின்றது. என்னைப் பார்த்ததும் இறங்கி நின்றார். அந்தப் பழக்கம் போகவில்லை. நான் விசாரணையில் பொய் சொன்னதையும் பிறகு கடிதம் எழுதியதையும் சொன்னேன். தபால் வந்தது, தெரியும் என்றார். மன்னிக்கணும் என்று சொன்னேன். அவர் வண்டியின் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். மறுபடி ஒரு தடவை நேரில் வந்து சொல்லியிருக்கலாமே என்று எனக்கே தெரியாமல் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எப்டி சார் சொல்றது? திரும்ப வந்து சொன்னா, பாரு, குட்ச்சிட்டுப் பேசறான்னு சொல்வானுங்க" என்றார்.

துணியை மடித்து சீட்டுக்கு அடியில் வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"எனக்கு எழுத்துக்கூட்டித்தான் சார் படிக்க வரும். அன்னிக்குக் கேன்டீன்ல எல்லாம் என்னைப் பாத்து சிரிச்சிகினு இருந்தானுங்க. எதுக்குன்னு புரியல. ஊட்டுக்குப் போயி போனை எம் பொண்ணாண்ட குடுத்தேன். சார் இன்னா போட்டுகீறாரு, படிம்மான்னேன். நல்ல படம்னு எதுனா போட்டுகீறீங்கன்னுதான் நெனச்சிகினேன். படிச்சா. அப்புறம் எழுந்து கிட்ட வந்து, என் வாயை மோந்து பாத்தா சார்."

முன்னால் நின்ற வண்டி நிரம்பிக் கிளம்பியது. கன்னியப்பன் தன் வண்டியை ஓரடி முன்னால் தள்ளி நிறுத்தினார். பூந்தமல்லிக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கைப்பையுடன் ஒரு பெண், காய்கறி மூட்டையுடன் இருவர். நான் வண்டியின் வாசலை மறைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"ஏர்றதா இருந்தா ஏறுங்க சார். இல்லன்னா கொஞ்சம் நவுந்துக்குங்க, ஆள் ஏறணும்" என்றார்.

நான் நகர்ந்துகொண்டேன்.